வால்வுக்குள் ஒரு சிட்டிகைத் திருநீறு

ஒரு வால்வை வெளிநாட்டுக்கு அனுப்ப அணுகுண்டைப் பற்றியும் யோசிக்க வேண்டும் என்பது ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஈப்போவில் ஒரு வால்வுப் பட்டறையில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். ஐந்தாம் படிவத்தோடு, பதினேழு வயதில், படிப்பு முடிந்தது. கோலா கங்சார் போகும் வழியில் இருந்த ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்தை விற்று வீட்டுமனை போட்டபோது டவுனுக்கு வந்தோம். அதிலிருந்து இந்தப் பட்டறைதான். பொருளைத் துடைத்து, பையில் போட்டு, ஈரம் இழுக்கும் சின்னப் பொட்டலத்தை உள்ளே வைத்து, காற்றை உறிஞ்சி ஒட்டி, மரப்பெட்டியில் அடுக்க வேண்டும். யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. அதனால் இந்த வேலை எனக்குப் பிடிக்கும்.

பட்டறை ஒரு சீன முதலாளியுடையது; தவுக்கே என்போம். பெரும்பாலும் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்குத்தான் வேலை. தெலுக் இந்தான் பக்கத்து ஆலைகளிலிருந்து பழைய வால்வுகள் லோரியில் வரும், கறுத்துப்போய், எண்ணெய் நாற்றத்தோடு. பழுது பார்த்துத் திருப்பி அனுப்புவோம். ஒரு சின்னப் பிரிவு மட்டும் வேறு மாதிரி. அங்கே, உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுக்கும் இயந்திரங்களுக்கு வால்வு செய்தோம். பளபளவென்று துருப்பிடிக்காத எஃகு. உள்ளே ஒரு தூசி இருக்கக் கூடாது.

அந்தப் பிரிவுக்கு மூத்தவர் லேத் அண்ணே. லேத் மெஷினில் நிற்பவர் என்பதால் அந்தப் பெயர். தவுக்கேயும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். தான் கடைந்த வால்வை அண்ணேயே கழுவி, காற்றுக் குழாயால் ஊதி, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் மூடி போட்டுத்தான் எனக்குத் தருவார். மூடியைத் திறப்பது என் வேலை இல்லை.

அந்தப் பிரிவுக்கு ஆர்டர் குறைந்துகொண்டே வந்தது. தவுக்கே ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

"அண்ணே, பெரிய ஆர்டர் ஒண்ணு வரலன்னா இந்தப் பக்கம் மூடிருவேன். கோவிச்சிக்காதீங்க."

"நான் எங்க போறது தவுக்கே? இந்த வயசுல எனக்கு யாரு மெஷின் குடுப்பா?"

"அதான் சொல்றேன் லா. சாமி கும்பிடுங்க."

அப்போதுதான் ஈரானிலிருந்து ஆர்டர் வந்தது. அங்கே ஒரு மருந்துக் கம்பெனி. ஊசி மருந்தைப் பொடியாக உலர்த்தும் இயந்திரத்துக்கு வால்வு வேண்டும் என்றார்கள். அந்த அளவுக்குப் பெரிய ஆர்டரை அந்தப் பிரிவு அதுவரை பார்த்ததில்லை. அது போய்ச் சேர்ந்தால் அண்ணேயின் பிரிவு நிற்கும், சேராவிட்டால் மூடப்படும். எங்கள் எல்லாருக்கும் இது தெரியும்.

அந்த மாதிரி வால்வை அந்த நாட்டுக்கு அனுப்ப அரசாங்கத்தின் பெர்மிட் வேண்டும். அணுகுண்டு செய்வதற்கான பொருளைச் சுத்தம் செய்யும் இடங்களிலும் இதே மாதிரி வால்வு தேவைப்படுமாம். தவுக்கே அதைச் சொன்னபோது அண்ணே தன் கையிலிருந்த வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கையில் இருக்கும்போது அது வெறும் வால்வாகத்தான் தெரிந்தது.

பெர்மிட் வருவதற்கு முன்பே அந்தக் கம்பெனியின் இன்ஜினியர் மாதிரியைப் பார்க்க ஈப்போவுக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். நரைத்த தாடி, அயர்ன் பண்ணிய சட்டை, யாரைப் பார்த்தாலும் நெஞ்சில் கை வைத்துத் தலையசைப்பார். ஆங்கிலம் மெதுவாகப் பேசுவார். எனக்கும் அவ்வளவுதான் ஆங்கிலம் வரும் என்பதால் அவர் பேசியது எனக்கு நன்றாகப் புரிந்தது. என்னை மேடம் என்றார். என்னை அதுவரை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. பையை மடித்துக்கொண்டே நின்றேன்.

பத்து மணித் தேநீருக்கு அவரையும் எதிரே இருக்கும் ஒட்டுக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். எங்கள் லோரி டிரைவரும் அங்கே இருந்தார். அவருக்கு வாய் சும்மா இருக்காது. தன் ஓட்டை ஆங்கிலத்தில் நேராகவே கேட்டுவிட்டார்.

"சார், ஒங்க ஊர்ல ரகசியமா குண்டு செய்றீங்களாமே, நெசமா?"

அண்ணே மேசைக்கடியில் அவர் காலை மிதித்தது எனக்குத் தெரிந்தது. இன்ஜினியர் கோபிக்கவில்லை. மேசையில் மெங்லெம்பு ஊர் வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று பிரித்துக் கிடந்தது, தோலோடு வறுத்த கடலை. அதிலிருந்து ஐந்து கடலையை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"இந்த அஞ்சு நாடும் வச்சிருக்கலாம். அணுகுண்டு ஒப்பந்தத்துலயே அப்பிடி இருக்கு. ஏன்னா இவங்க மொதல்லயே செஞ்சி வெடிச்சிப் பாத்துட்டாங்க."

"அப்ப முந்தி ஏறுனவனுக்கு சீட்டு," என்றார் டிரைவர்.

"ஒரு நாள் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுருவோம்னு இவங்க வாக்குக் குடுத்திருக்காங்க."

"எந்த நாளு?"

"நாள் எழுதல."

டிரைவர் சிரித்தார். இன்ஜினியர் இன்னும் சில கடலையை எடுத்துத் தட்டுக்கு வெளியே மேசையில் வைத்தார். "இவங்க கையெழுத்தே போடல. ஆனா இவங்ககிட்டயும் குண்டு இருக்கு. அது இருக்கிற எடத்துக்கு யாரும் சோதனைக்குப் போறதில்ல." பிறகு ஒரே ஒரு கடலையைத் தட்டின் விளிம்பில் நிறுத்தி வைத்தார். "இது நாங்க. நாங்க கையெழுத்துப் போட்டோம். அதனால எங்க வீட்டு அலமாரியத் தொறந்து பாக்கலாம். பாத்த பெறகும் சந்தேகப்படலாம்."

"போடாம இருந்திருந்தா?" என்று அண்ணே கேட்டார். டிரைவர்தான் அதை ஆங்கிலத்தில் சொன்னார்.

அவர் தோளைக் குலுக்கினார். "எங்க ஊர்ல சில பேரு இப்ப அதத்தான் கேக்குறாங்க. கேக்குறவங்களப் பாத்தா எனக்கும் பயமாத்தான் இருக்கு."

அண்ணே தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தியா எங்க இருக்கு இதுல?" என்றார்.

இன்ஜினியர் தட்டுக்கு வெளியே இருந்த ஒன்றைத் தொட்டுக் காட்டினார். அண்ணே முகத்தில் சட்டென்று ஒரு பெருமை வந்தது, நம்ம ஆளு யாருக்கும் அடங்கலை என்பது போல. உடனே எதிரே இருப்பவர் விளிம்பில் நிற்கும் கடலை என்பது ஞாபகம் வந்து, தேநீரைக் குனிந்து குடித்தார். டிரைவர் தட்டிலிருந்த ஐந்தில் ஒன்றை எடுத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இப்ப நாலு."

எல்லாரும் சிரித்தோம். இன்ஜினியர்தான் அதிகம் சிரித்தார்.

அவர் உண்மையிலேயே மருந்துக் கம்பெனிக்குத்தான் வாங்குகிறாரா என்பது எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. போகும்போது எனக்கு ஒரு சின்னப் பெட்டி மிட்டாய் கொடுத்தார், பிஸ்தா போட்டது. "என் வால்வையெல்லாம் நல்லாத் தூங்க வைங்க மேடம்," என்றார். பேக்கிங்கை அப்படிச் சொல்கிறவர் குண்டு செய்கிறவராக இருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அப்படித் தோன்றுவதை வைத்து யாரும் பெர்மிட் தருவதில்லை, தரவும் கூடாது என்பதும் எனக்குப் புரிகிறது.

கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் எழுதி, படம் அனுப்பி, மறுபடியும் எழுதி, கடைசியில் பெர்மிட் வந்தது. அது வந்த வாரமே ஆயுத பூஜையும் வந்தது. அண்ணே இரண்டையும் ஒன்றாகவே பார்த்தார்.

எங்கள் பட்டறையில் ஆயுத பூஜை பெரிதாக நடக்கும். தவுக்கே சீனர் என்றாலும் அன்றைக்கு மதியத்துக்கு மேல் மெஷினை நிறுத்தச் சொல்லிவிடுவார். லேத்துக்குப் பொட்டு, டிரில்லுக்குப் பொட்டு, ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் பொட்டு, தவுக்கேயின் காருக்கும் பொட்டு. லோரிச் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். நான் கிறிஸ்தவப் பெண். சூடம் காட்டும்போது ஒதுங்கி நிற்பேன், சுண்டல் வரும்போது கிட்டப் போவேன். யாரும் எதுவும் நினைத்ததில்லை.

அன்றைக்குத் தவுக்கே, "அண்ணே, ஈரான் வால்வுக்கும் கும்பிட்டாச்சா? அதுதான் முக்கியம்," என்று சொல்லிவிட்டுப் போனார். வால்வுகள் கழுவி மூடி போட்டு அண்ணேயின் மேசையில் வரிசையாக இருந்தன. நான் அடுத்த அறையில் வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை அவை வழக்கம்போல் மூடியோடு என்னிடம் வந்தன. வெளியே ஒரு கறை இல்லை. துடைத்தேன், பையில் போட்டேன், காற்றை உறிஞ்சி ஒட்டினேன், பெட்டியில் அடுக்கினேன். லோரி கிள்ளான் துறைமுகத்துக்குப் போனது.

கொஞ்ச நாளில் துறைமுகச் சுங்கத்திலிருந்து தவுக்கேக்கு போன் வந்தது. பெட்டியைத் திறந்து சோதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வால்வுக்குள்ளும் என்னவென்று தெரியாத வெள்ளைப் பொடி இருக்கிறதாம். பெட்டிகள் அங்கேயே நிற்கின்றன.

தவுக்கே எங்கள் பக்கம் வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. "யாரு? யாரு என் வால்வுல பவுடர் போட்டது?"

என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். பேக்கிங் என்னுடையது. அதற்குள் அண்ணே லேத்தை நிறுத்திவிட்டு வந்தார்.

"நாந்தான் தவுக்கே."

"என்னாது போட்டீங்க?"

"துன்னூறு. ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு சிட்டிக."

"உள்ளயா?"

"வெளிய வச்சா தங்கச்சி தொடச்சிரும். அவங்க ஊர்லயும் தொடச்சிருவாங்க. உள்ள இருந்தா போய்ச் சேர்ற வரைக்கும் காவலா இருக்கும்னு நெனச்சேன். எப்பிடியும் பொருத்துறதுக்கு முன்னாடி கழுவத்தானே போறாங்க."

தவுக்கே பக்கத்தில் இருந்த காலிப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று பார்த்தோம். திட்டவில்லை. "நானே கும்பிடச் சொன்னேன்," என்று மலாயில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அடுத்த வாரம் பெர்மிட் அலுவலகத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். ஒருவர் மலாய்ப் பெண், என்னைவிட இளையவர். கூட வந்தவர் படம் எடுத்தார். அண்ணேக்கு மலாய் நன்றாக வரும், ஆனால் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. லேத் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பேக்கிங் யார் என்று கேட்டார்கள். நான் முன்னால் போக வேண்டியதாயிற்று.

ஆயுத பூஜையை மலாயில் எப்படிச் சொல்வது என்று யோசித்து, "வேலை செய்யும் சாமான்களுக்கு நடத்தும் பூஜை" என்றேன். வேறு எப்படியாவது சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வீட்டுக்குப் போன பிறகு நினைத்து வியர்த்தேன்.

"இந்தப் பொடி எதுல செய்றது?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"மாட்டுச் சாணத்த எரிச்சி."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "மாட்டுச் சாணமா?"

"ஆமா பூவான்," என்றேன், மலாயில் மேடம் என்பதுபோல. "காயவச்சி, சுட்டு, சலிச்சி எடுப்பாங்க. சுத்தமானது. நெத்தியில பூசுவாங்க, வாயிலயும் போட்டுக்குவாங்க."

"நீங்க இந்துவா?"

"இல்ல. கத்தோலிக்கம்."

"அப்ப எப்படி இவ்வளவு தெரியும்?"

"இவங்களோடதான தோட்டத்துல வளந்தேன். எங்களுக்கும் சாம்பல் உண்டு. சாம்பல் புதன் அன்னிக்கி நெத்தியில வைப்போம். அது குருத்தோலையச் சுட்ட சாம்பல்."

அந்தப் பெண் சிரித்துவிட்டார். கூட வந்தவரும் சிரித்தார். எனக்குத் தைரியம் வந்தது. அவ்வளவு நேரம் வேற்று ஆளிடம் நான் பேசியதே இல்லை. காரியம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அவர் நோட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் நம்புறேன் அக்கா. ஆனா நான் நம்புறது போதாது. பரிசோதனைக்கு அனுப்பியாச்சு. பதில் வர்ற வரைக்கும் பெட்டி நகராது."

"சாம்பல்னு வந்தா விட்டுருவீங்களா?"

"அத நான் முடிவு பண்றதில்ல."

எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ, இன்னொன்றும் கேட்டேன். "இதே வால்வு, இதே சாம்பலோட, வேற நாட்டுக்குப் போயிருந்தா?"

அவர் கூட வந்தவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இந்தச் சட்டத்த நாம எழுதல அக்கா. நாம நல்ல பேரோட இருக்கணும்னா இத ஒழுங்கா செய்யணும். ஒரு தடவ தப்பாப் போச்சின்னா நம்ம நாட்டு சாமான் எல்லாத்தையும் தொறந்து பாப்பாங்க." அவர் சொன்னதும் நியாயம்தான். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கெட்டவர் என்று யாரையாவது காட்ட முடிந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் காத்திருப்புதான். அண்ணேக்குக் கடைய வேலை இல்லை. ஆலை வால்வுகளைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். லோரி டிரைவர் அவருக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டார்.

"அணுகுண்டு அண்ணே, தேநீர் குடிக்க வாறீங்களா?"

"வாய மூடு லா."

"சும்மா சொல்லக் கூடாது, ஒரு சிட்டிகைல அமெரிக்காவயே பயப்பட வச்சிட்டீங்களே."

முதலில் அண்ணேயும் சிரித்தார். போகப் போகச் சிரிக்கவில்லை. ஒரு நாள் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அதிலிருந்து டிரைவரும் அந்தப் பெயரை விட்டுவிட்டார். என்னிடம் மட்டும் ஒருமுறை அண்ணே கேட்டார், "நான் என்ன விஷமா வச்சேன், தங்கச்சி?" நான் இல்லை என்று தலையாட்டினேன்.

இன்ஜினியரிடமிருந்து தவுக்கேயின் போனுக்கு அடிக்கடி செய்தி வந்தது. பெட்டி எங்கே? எப்போது விடுவார்கள்? திருநீறு விஷயத்தைத் தவுக்கே சொன்னபோது சிரிக்கும் முகம் ஒன்று அனுப்பினாராம். கூடவே, "எனக்காகக் கும்பிட்டவருக்கு நன்றி சொல்லுங்கள்" என்றும் எழுதியிருந்தாராம். தவுக்கே அதை அண்ணேயிடம் சொன்னார். அண்ணே சுரண்டிக்கொண்டிருந்த வால்வைத் திருப்பிப் பிடித்தார்.

பிறகு ஈரான் மேல் குண்டு போட்டார்கள்.

ஒட்டுக்கடை டிவியில்தான் பார்த்தோம். இரவில் பச்சையாகத் தெரியும் வானம், கீழே வெளிச்சம், புகை. அணு வேலை நடக்கும் இடங்களை அடிக்கிறோம் என்றார்கள். அடித்த இரண்டு நாடுகளில் ஒன்று அமெரிக்கா, அந்தத் தட்டுக்குள் இருந்த ஐந்தில் ஒன்று. இன்னொன்று தட்டுக்கு வெளியே இருந்தது; தன்னிடம் குண்டு இருக்கிறது என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. குண்டு வைத்திருப்பவர்கள் குண்டு செய்யக் கூடாது என்று குண்டு போடுகிறார்கள். எனக்குப் புரியாத பெரிய காரணங்கள் இருக்கலாம். எனக்குப் புரிந்த அளவு அவ்வளவுதான்.

டிரைவர் தேநீர் கிளாஸை மேசையில் தட்டினார். "தோட்டத்துல துரை பங்களா நாயி இஷ்டத்துக்குச் சுத்தும். லயத்து நாய கட்டிப் போடலன்னா சுட்டுருவானுங்க. எங்கப்பா வளத்த நாய அப்பிடித்தான் சுட்டானுங்க. இதும் அதேதான் லா."

"அப்ப எல்லா நாயையும் அவுத்து விட்டா சரியாப் போயிருமா?" என்றார் அண்ணே. வெகு நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய் திறந்தார். "பிள்ளைங்க எங்க நடக்கும்?"

"அப்ப துரையோட நாயயும் கட்டணும்."

"கட்டுறது யாரு? நீ கட்டுவியா?"

கடைக்காரர்தான் டிவியை அணைத்துக்கொண்டே சொன்னார், "இவனுங்க எல்லாரையும் ஒரே பஸ்ஸுல ஏத்தி தஞ்சோங் ரம்புத்தான் பைத்திய ஆஸ்பத்திரில எறக்கி விடணும். கட்டில் பத்தாது, அதான் பிரச்சன." சிரிக்க வேண்டும் என்பதற்காகச் சிரித்தோம்.

இன்ஜினியருக்குத் தவுக்கே அனுப்பிய செய்திகளுக்குப் பதில் இல்லை. போனை என்னிடம் காட்டினார். அனுப்பியது போய்ச் சேரவே இல்லை என்று ஒற்றைக் குறி மட்டும் இருந்தது. அவர் எந்த ஊர், அந்த ஊர் குண்டு விழுந்த இடத்துக்குப் பக்கமா தூரமா, எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவருக்காக வேண்டிக்கொண்டேன். பெயரைச் சொல்லி வேண்டப் பார்த்தேன், அவர் பெயரை எனக்குச் சரியாக உச்சரிக்கத் தெரியவில்லை. வால்வு வாங்க வந்தவர் என்று சொன்னேன். வேறு என்ன செய்ய முடியும்?

சண்டை நின்ற பிறகுதான் பரிசோதனைப் பதில் வந்தது. சாம்பல். ஆபத்தில்லாதது. அண்ணே அந்தக் காகிதத்தை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதத்தான நான் அன்னிக்கே சொன்னேன்," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

ஆனால் பெர்மிட்டின் காலம் முடிந்திருந்தது. தவுக்கே புதிதாகக் கேட்டார். அது பரிசீலனையில் இருக்கும்போதே, முன்பு எடுத்துவிட்ட தடைகளை ஐக்கிய நாடுகள் சபை வழியாக அந்த நாட்டின் மேல் மறுபடியும் போட்டுவிட்டார்கள். இனி அந்த மாதிரி வால்வுக்கு வழியே இல்லை என்று பதில் வந்தது. பெட்டிகள் கிள்ளானிலிருந்து அதே லோரியில் திரும்பி வந்தன. டிரைவர் ஹாரன் அடிக்காமல் உள்ளே ஓட்டி வந்து நிறுத்தினார்.

தவுக்கே சொன்னபடி செய்தார். அந்தப் பிரிவு மூடப்பட்டது. இளையவர்கள் ஆலை வால்வுப் பக்கம் போனார்கள். அண்ணேக்கு அந்தக் கனமான வேலை ஆகாது, முதுகு ஒத்துவராது. தவுக்கே ஏதாவது ஒரு வேலை தருகிறேன் என்றுதான் சொன்னார். அண்ணே வேண்டாம் என்றுவிட்டார். தெலுக் இந்தானில் மகள் வீட்டுக்குப் போகிறேன் என்றார். கடைசி நாளில் லேத்தைத் துடைத்து, எண்ணெய் போட்டு, துணியால் மூடினார். என்னிடம் வந்து, "தங்கச்சி, அந்த வால்வயெல்லாம் தொறந்து நல்லாக் கழுவிரு. யாரு வாங்குனாலும் அவங்களுக்குப் பிரச்சன வரக் கூடாது," என்று சொல்லிவிட்டுப் போனார். டிரைவர்தான் பஸ் நிலையம்வரை லோரியில் கொண்டு போய் விட்டார்.

மூடிகளைக் கழற்றிப் பார்த்தேன். சாம்பலில் கொஞ்சம் ஈரம் ஏறி எஃகோடு ஒட்டியிருந்தது. பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது. தேய்த்தேன்.

அந்த வால்வுகளை வாங்க வேறு ஆள் கிடைத்தது. அந்த ஐந்து நாடுகளில் ஒன்றில் இருக்கும் கம்பெனி. என்ன செய்கிறார்கள், எதற்கு வால்வு என்று தவுக்கேக்கும் தெரியவில்லை. "இயந்திரத்துக்கு" என்று எழுதியிருந்தார்கள். அதற்கும் பெர்மிட் வேண்டும், கேட்டார், வந்துவிட்டது. ஒட்டுக்கடைத் தேநீர் ஆறுவதற்குள் வந்துவிட்டது என்று டிரைவர் சொன்னார். அது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் யாரும் பட்டறைக்கு வரவில்லை, யாரும் என்னைக் கூப்பிட்டு எதுவும் கேட்கவில்லை. பழைய பெட்டிகளிலேயே அடுக்கி, பழைய முகவரியின் மேல் புதியதை ஒட்டினேன். பெட்டிகள் போய்விட்டன.

அவை போய்ச் சில நாள் கழித்து ஒரு காலையில் தவுக்கே பேக்கிங் அறைக்கு வந்தார். வழக்கமாக வர மாட்டார். போனை என் முன்னால் நீட்டினார்.

"பாரு. உயிரோட இருக்காரு."

இன்ஜினியர்தான். நீண்ட செய்தி இல்லை. வீட்டில் எல்லாரும் நலம், கம்பெனிக் கட்டடத்தில் கண்ணாடி மட்டும் உடைந்தது, மேடம் நலமா என்று கேட்டிருந்தார். கீழே ஒரு வரி: என் வால்வுகள் இன்னும் உங்களிடம் இருக்கின்றனவா, தடை என்றைக்காவது நீங்கும், வைத்திருக்க முடியுமா?

எனக்குச் சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. அடுத்த நொடியே பெட்டிகள் போய்விட்டது ஞாபகம் வந்தது.

"என்னா எழுதுறது?" என்றார் தவுக்கே. என்னிடம் அவர் கேட்ட முதல் யோசனை அதுதான் என்று நினைக்கிறேன்.

"உள்ளதச் சொல்லுங்க தவுக்கே. அவருக்கிட்ட வேற என்னா சொல்றது?"

அவர் ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதினார். விற்றுவிட்டேன், மன்னிக்கவும், பட்டறைக்குப் பணம் தேவைப்பட்டது. எந்த நாட்டுக்கு என்பதையும் எழுதினார். அனுப்பினார். இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பதில் வந்தது. புரிகிறது, உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று முதலில். அண்ணேக்கு வணக்கம் சொல்லுங்கள் என்று அடுத்து. அவர் எழுதுகிறார் என்ற குறி தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. பிறகு ஒரு கேள்வி வந்தது.

அவர்களுக்குப் பெர்மிட் கிடைக்க எவ்வளவு நாள் ஆனது?

தவுக்கே ஏதோ எழுதினார். அழித்தார். வேறு எழுதினார். அதையும் அழித்துவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஆலைச் சாமான் லோரி நிக்குது," என்றார். "நீ போய் அதப் பாரு."

நான் கையுறையை மாட்டிக்கொண்டு போனேன்.